டயலிசிஸுக்குப் போகும் அம்மாவுக்கு வார்ட்டில் நோய் தொற்றாமல் பார்ப்பது எப்படி?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன், மிஸ்ஸி. அம்மாவுக்கு 58 வயது. இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டதால் வாரத்துக்கு இரண்டு தடவை டயலிசிஸுக்குக் கூட்டிப்போகிறோம். 2021இல் எங்கள் லயத்துப் பெரியப்பா ஒருவர் மலையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். போகும்போது காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. பத்தாம் நாள் காய்ச்சல் வந்தது. கொரோனா என்றார்கள். உயிரோடு திரும்பவில்லை. அதிலிருந்து அம்மாவுக்கு வார்ட் என்றாலே பயம். மறுபடி அப்படி ஒரு நோய் வந்தால் லயத்திலேயே கிடக்கிறேன், கொண்டுபோகாதே என்கிறார். இப்போதுகூடச் சளிக்காய்ச்சல் பரவுகிறது என்று கேள்விப்பட்டால் டயலிசிஸுக்கு வர மறுக்கிறார். நோய் இல்லாதவரை ஆஸ்பத்திரியில் எப்படிக் காப்பாற்றுவது? நாங்கள் என்ன கேட்கலாம்? கேட்டால் கோபப்படுவார்களா? பெரியப்பாவுக்கு ஆஸ்பத்திரியில்தான் தொற்றியதா?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த நோய் பரவினாலும் அம்மாவின் டயலிசிஸை நிறுத்த வேண்டாம். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் பொட்டாசியம் ஏறிவிட்டால் இதயம் திடீரென்று நின்றுபோகலாம். வெளியேறாத நீர் நுரையீரலில் சேர்ந்து மூச்சு முட்டும். கொரோனா தொற்றுமா என்பது நிச்சயமில்லாத ஆபத்து. டயலிசிஸ் தவறினால் வரும் ஆபத்து நிச்சயமானது. கொரோனா காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் பயந்து மாரடைப்பையும் பக்கவாதத்தையும் வீட்டிலேயே தாங்கிக்கொண்டு, பிந்தி வந்து உயிரை விட்டவர்கள் பல நாடுகளிலும் இருந்தார்கள். அம்மாவிடம் இதை நேராகவே சொல்லுங்கள். பயப்படாதீர்கள் என்று மட்டும் சொன்னால் அவர் கேட்கமாட்டார். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

பெரியப்பாவைப் பற்றிக் கேட்டீர்கள். கொரோனா உடம்புக்குள் புகுந்து அறிகுறி காட்ட 2 நாளிலிருந்து 14 நாள் வரை ஆகும், பெரும்பாலும் ஐந்தாறு நாள். அதனால்தான் ஆஸ்பத்திரிகளில் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். சேர்ந்து முதல் இரண்டு நாளுக்குள் நோய் தெரிந்தால் வெளியிலிருந்து கொண்டுவந்தது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். எட்டிலிருந்து பதினான்கு வரை என்றால் ஆஸ்பத்திரியில் தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். பதினைந்தாம் நாளிலோ அதற்குப் பிறகோ என்றால் உள்ளேதான் தொற்றியது என்று எடுத்துக்கொள்வோம். பத்தாம் நாள் காய்ச்சல் என்கிறீர்கள். அப்படியானால் அவருக்கு வார்ட்டில்தான் தொற்றியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். குடும்பத்தினரிடம் இதை மறைத்துப் பேசுவதில் யாருக்கும் நன்மை இல்லை. பெரியம்மாவுக்கு விபரம் தெரிய வேண்டுமானால், அவருடைய டிக்கெட்டில், அதாவது வார்ட்டில் வைத்திருந்த நோயாளிக் குறிப்பேட்டில், எழுதியிருப்பதைக் கேட்டு ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்குக் கடிதம் கொடுக்கலாம். தமிழிலேயே எழுதலாம்.

இது நம் மலையகத்தில் மட்டும் நடந்ததும் அல்ல. 2020 ஜனவரியில் வூஹான் நகரின் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த 138 கொரோனா நோயாளிகளை ஆராய்ந்தபோது, 57 பேருக்கு ஆஸ்பத்திரியில்தான் தொற்றியிருக்கும் என்று கணித்தார்கள். அவர்களில் 17 பேர் வேறு நோய்க்காக ஏற்கெனவே படுத்திருந்தவர்கள், மீதி 40 பேர் ஊழியர்கள். 2015இல் தென்கொரியாவில் மெர்ஸ் என்ற, கொரோனா இனத்து மூச்சு நோய் பரவியபோது ஒரே ஒரு நோயாளி, சியோலின் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவின் நெரிசலில் படுத்திருந்தார். அவரிடமிருந்து மட்டும் சுமார் 80 பேருக்குப் போனது. அந்த ஆண்டு அங்கே மொத்தம் 186 பேர் நோயுற்றார்கள், 38 பேர் இறந்தார்கள். பணக்கார நாடு, நல்ல கட்டடம், நல்ல கருவிகள். அப்படியிருந்தும் நடந்தது.

ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால், என்ன கேட்க வேண்டும் என்பது தானாக விளங்கும். காய்ச்சலோடு இருமிக்கொண்டு வருகிறவரைப் பார்த்தால் எல்லோரும் விலகி நிற்போம், மாஸ்க்கை இழுத்துவிடுவோம். அவரால் வரும் ஆபத்து குறைவு. யாரும் சந்தேகப்படாதவரால்தான் ஆபத்து. கொரோனா அறிகுறி வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே தொற்றும். கால் முறிந்து வந்தவர், பிரசவத்துக்கு வந்தவர், சாப்பாடு கொண்டுவந்த மகன், தள்ளுநாற்காலி தள்ளுகிற அட்டெண்டன்ட், இரவு டியூட்டிக்கு லேசான தொண்டைக் கரகரப்போடு வந்த நர்ஸ், இவர்களில் யாராகவும் இருக்கலாம். வாசலில் நெற்றிக்கு நேரே பிடிக்கிற வெப்பமானி இவர்களைக் கண்டுபிடிக்காது. அதிலும் நுவரெலியா, தலவாக்கலை மாதிரி இடங்களில் காலைப் பனியில் வரிசையில் நின்றவரின் நெற்றித் தோல் குளிர்ந்திருக்கும். காய்ச்சல் இருந்தாலும் கருவி குறைத்துக் காட்டும். ஒருவரை உள்ளே கொஞ்ச நேரம் உட்காரவைத்துவிட்டுப் பார்த்தால்தான் அந்தக் கணக்குச் சரியாக வரும்.

தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியாக வேலை செய்கிறவள் என்ற முறையில், எனக்கு இதில் மிக முக்கியமாகத் தோன்றுவது வாசலில் நடக்கும் பேச்சுத்தான். "காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டால், போர்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டே "இல்ல மிஸ்ஸி, ஒண்ணுமில்ல, வயித்து வலிதான்" என்பார் ஒருவர். பொய் சொல்லும் கெட்ட மனிதர் அல்ல அவர். காய்ச்சல் என்று சொன்னால் லயத்தையே மூடிவிடுவார்கள், பதினான்கு நாளைக்கு வீட்டில் ஒருவருக்கும் பேர் விழாது, அதாவது நாள் சம்பளம் கிடைக்காது, பக்கத்து வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசமாட்டார் என்று அவருக்குத் தெரியும். 2020, 2021இல் அப்படித்தானே நடந்தது? போதாததற்குச் சில இடங்களில் கேள்வியைச் சிங்களத்தில் மட்டும் கேட்பார்கள். பாதி புரியாமல் எதற்கும் இல்லை என்று தலையாட்டிவிட்டு அவர் உள்ளே போவார். பொது வார்ட்டில், உங்கள் பெரியப்பா மாதிரி ஒருவருக்குப் பக்கத்துக் கட்டிலில் படுப்பார்.

ஆகவே நோய் இல்லாதவரைக் காப்பாற்றும் வேலை, நோய் இருப்பவரை மரியாதையாக நடத்துவதில் தொடங்குகிறது. வாசலில் அதட்டுகிற ஆஸ்பத்திரிக்கு உண்மை கிடைக்காது. கேள்விகள் தமிழில் இருக்க வேண்டும். இருமல் என்று சொன்னவரைக் குற்றவாளி மாதிரி நிறுத்தாமல், உட்கார இடம் கொடுத்து, தேத்தண்ணி ஒன்றும் கொடுத்தால் அடுத்தவரும் உண்மையைச் சொல்வார். தோட்ட நிர்வாகம் தனிமைப்படுத்தும் நாட்களுக்குச் சம்பளம் கொடுப்பதும் ஆஸ்பத்திரிப் பாதுகாப்பின் ஒரு பகுதிதான் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கக்காரர்களிடம் இதை இப்போதே, நோய் இல்லாத நேரத்திலேயே, பேசிவையுங்கள். வந்த பிறகு பேசினால் யாருக்கும் காது கேட்காது.

உள்ளே போன பிறகு ஆட்களைப் பிரிப்பது அடுத்த விஷயம். பலரும் நோய் உள்ளவர், நோய் இல்லாதவர் என்று இரண்டாகப் பிரித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். மூன்றாகப் பிரிக்க வேண்டும். உறுதியானவர்கள் ஓரிடம். பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பவர்கள் வேறிடம், அவர்களும் ஒருவருக்கொருவர் தள்ளி. எந்தச் சந்தேகமும் இல்லாதவர்கள் மூன்றாவது இடம். காத்திருப்பவரை உறுதியானவர்களோடு போட்டால், நோய் இல்லாமல் வந்தவருக்கும் அங்கே தொற்றிவிடும். பொது வார்ட்டில் போட்டால் அவரிடமிருந்து மற்றவர்களுக்குப் போகும். இன்னொன்று, சேரும் அன்று பரிசோதனையில் இல்லை என்று வந்தால் நிம்மதிப்பட்டுவிடக் கூடாது. நேற்றுத் தொற்றியது இன்று தெரியாது. சில நாள் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அறிகுறி ஏதாவது தலைகாட்டினால் அந்த நிமிடமே பார்க்க வேண்டும்.

சரி, இடம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிறவர்கள் உண்டு. ஆட்களைக் குறைக்காமல் எந்த விதியும் நடக்காது. ஒத்திப்போடக்கூடிய சத்திரசிகிச்சையை ஒத்திப்போடுவதும், வீட்டுக்கு அனுப்பக்கூடியவரை ஒரு நாள் முந்தி அனுப்புவதும், கிளினிக்குக்கு மருந்து வாங்க மட்டும் வருகிறவரை வராமல் செய்வதும் அதற்காகத்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது, கிளினிக் நோயாளிகளின் மருந்தைத் தபாலில் வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாதாமாதம் ஒரே குளிசைகளுக்காக விடியற்காலையிலேயே வந்து நெருங்கி நிற்கிற அந்த வரிசை அதனால் குறைந்தது. நோய் அடங்கியதும் இந்த ஏற்பாட்டை மறந்துவிட்டது எனக்கு வருத்தம். டயலிசிஸ், பிரசவம், புற்றுநோய் மருந்து, இவற்றை ஒத்திப்போட முடியாது. மற்றவர்கள் விலகிக் கொடுக்கும் இடம் இவர்களுக்குத்தான்.

அடுத்தது காற்று. இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மலையகத்தில் நாம் அதிகமாகத் தவறவிடுவது இதைத்தான். இந்த நோய்கள் பேசும்போதும் இருமும்போதும் மூச்சோடு வெளியே வந்து, மூடிய அறையில் மிதந்துகொண்டிருக்கும். லயத்துக் காம்பராவில் ஈர விறகு வைத்து அடுப்பு மூட்டினால் புகை எப்படி மூலை முடுக்கெல்லாம் நிறைகிறதோ அப்படித்தான் மூச்சும் நிறையும். கண்ணுக்குத் தெரியாததால் நாம் கவனிப்பதில்லை. ஜன்னல் திறக்கும் சாதாரண வார்ட்டில் ஒரு நோயாளிக்கு விநாடிக்கு 60 லீட்டர் புதிய காற்றாவது வர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால் இது பெரும்பாலும் கிடைத்துவிடும், மின்சாரமும் வேண்டாம். பெரு நாட்டின் லீமா நகரில் 8 ஆஸ்பத்திரிகளில் அளந்துபார்த்து 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் உள்ள பழைய கட்டடங்களில்தான் காற்றோட்டம் நன்றாக இருந்தது. நம் மலைநாட்டிலும் வெள்ளைக்காரன் காலத்து வார்ட்டுகள் இன்னும் இருக்கின்றன. உயர்ந்த கூரை, வரிசையாக ஜன்னல், மேலே காற்றுப் போகத் துவாரம். அந்தத் துவாரத்தை நாமே குளிருக்குக் கார்ட்போட் வைத்து அடைத்துவிடுகிறோம்!

குளிர் உண்மைதான். மார்கழி, தை மாதத்தில் நுவரெலியாவில் இரவு பத்து பாகைக்கும் கீழே போகிறது. வயதானவர் நடுங்கிக்கொண்டு படுத்திருக்கையில் ஜன்னலைத் திற என்று நான் சொன்னால் எப்படி இருக்கும்? அதனால் இப்படிச் செய்யலாம். தலைமாட்டு ஜன்னலை மூடிவிட்டு, எதிரெதிரே தள்ளியிருக்கும் இரண்டு ஜன்னல்களை நாலு விரல் அகலத்துக்கு இரவு முழுக்கத் திறந்துவைப்பது. மேல் துவாரங்களை ஒருபோதும் அடைக்காமல் இருப்பது. மருந்து கொடுக்கும் நேரம், பார்வையாளர் வந்து போன நேரம், யாராவது விடாமல் இருமிய நேரம், அப்போது பத்து நிமிடம் எல்லாவற்றையும் அகலத் திறப்பது. அம்மாவுக்கு நீங்கள் கொண்டுபோக வேண்டியது காதை மூடுகிற கம்பளிக் குல்லா, இரண்டு சோடி காலுறை, நல்ல கம்பளி. உடம்பை மூடினால் ஜன்னலை மூட வேண்டியதில்லை. வீட்டில் காற்று எப்படிப் போகிறது என்று பார்க்க ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அறை நடுவில் பிடியுங்கள். புகை ஒரு பக்கமாக இழுபட்டு வெளியேறினால் நல்லது, அங்கேயே சுருண்டு நின்றால் இன்னொரு ஜன்னல் தேவை. இந்தச் சோதனையை வார்ட்டில் செய்யாதீர்கள், ஒட்சிசன் இருக்கும் இடத்தில் நெருப்பு ஆகாது.

காற்றோடு சேர்ந்த இன்னொரு விஷயம் நெபுலைசர், மருந்தைப் பனிப்புகை மாதிரி ஆக்கி மூச்சில் கொடுக்கிற கருவி. 2003 மார்ச்சில் ஹொங்கொங்கின் பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ் ஆஸ்பத்திரியில், 8ஏ என்ற வார்ட்டில் நிமோனியா என்று ஒருவர் சேர்ந்தார். அவருக்கு வந்திருப்பது சார்ஸ் என்ற, கொரோனா இனத்து மூச்சு நோய் என்று யாருக்கும் தெரியாது. நெபுலைசர் வைத்தார்கள். வைத்தியர்கள், நர்ஸ்மார், மருத்துவ மாணவர்கள், பக்கத்துக் கட்டில்காரர்கள், பார்க்க வந்தவர்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் போனது. நெபுலைசர் மட்டும் காரணமா, காற்றோட்டமும் காரணமா என்று அப்புறம் நிறைய ஆராய்ந்தார்கள். அதன்பின் திறந்த வார்ட்டில் இழுப்புக்காரருக்கு முடிந்தவரை பம்ப்பை ஸ்பேசரோடு (பம்ப்பின் வாயில் மாட்டுகிற குழாய்) கொடுப்பது நல்லது என்ற வழக்கம் பரவியது. உங்கள் வீட்டில் யாருக்காவது இழுப்பு இருந்தால் அவர்களுடைய பம்ப்பையும் ஸ்பேசரையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள்.

இனி அம்மாவின் டயலிசிஸ் அறை. ஒரு தடவைக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம், பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி, வாரம் தவறாமல். நோய்க்கு வசதியான இடம்தான். ஆனாலும் நல்ல விஷயம் ஒன்று உண்டு. இரத்தத்தால் தொற்றும் ஈரல் நோயான ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குத் தனி மெஷின் என்று வைத்து, பிரித்து வேலை செய்து பழகியவர்கள் டயலிசிஸ் பிரிவில் இருப்பவர்கள். அவர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. நீங்கள் விசாரிக்க வேண்டியது, ஒவ்வொரு முறையும் அதே ஆட்களோடு அதே நேரத்தில் அம்மாவுக்கு இடம் கொடுக்க முடியுமா என்பது. ஆட்கள் மாறிமாறி வராவிட்டால் நோய் வந்தாலும் அந்தச் சிறு கூட்டத்தோடு நிற்கும். தொற்றுள்ளவரைத் தனி அறையிலோ, அன்றைய கடைசி முறையிலோ வைத்து, அதன்பின் நாற்காலி, மெஷினின் பொத்தான்கள், பிரஷர் பார்க்கும் பட்டி எல்லாவற்றையும் துடைப்பார்களா என்றும் கேளுங்கள். உள்ளே போகும் நேரம் வரை அம்மாவை வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்கவையுங்கள். வேனில் வருவதாயிருந்தால் ஜன்னல் திறந்திருக்கட்டும், எல்லோருக்கும் மாஸ்க். டயலிசிஸ் நடக்கும்போது சாப்பிடுவதைத் தவிர்த்தால் மாஸ்க்கைக் கழற்ற வேண்டியிருக்காது. சீனி வருத்தமும் இருந்தால் மட்டும் நர்ஸிடம் கேட்டுச் செய்யுங்கள். மாஸ்க் பனியிலோ மூச்சிலோ நனைந்துவிட்டால் பயன் இல்லை, மாற்றுவதற்கு ஒன்று பையில் இருக்க வேண்டும். ஊசி போடும் கையை அம்மா சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுப் போய் உட்காரட்டும். அது எந்த நாளும் செய்ய வேண்டியது.

மண்சரிவாலோ ஊரடங்காலோ ஒரு தடவை தள்ளிப்போனால், உடனே பிரிவுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லுங்கள். அதுவரை தண்ணீரையும் உப்பையும் வழக்கத்தைவிடக் குறைக்க வேண்டும். செவ்விளநீர், வாழைப்பழம், உருளைக்கிழங்கு, கீரை, இவற்றில் பொட்டாசியம் அதிகம், தொடவே வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, கை கால் தளர்ந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

கேட்டால் கோபப்படுவார்களா என்று எழுதியிருக்கிறீர்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். கேளுங்கள். "மிஸ்ஸி, அம்மாவுக்குச் சக்தி குறைவு, தொற்று வந்தா தாங்கமாட்டாங்க, கொஞ்சம் கைக்குச் சானிடைசர் போட்டுட்டுத் தொடுறீங்களா?" என்று சொல்லிப்பாருங்கள். பெரும்பாலானவர்கள் சட்டென்று போத்தலை எடுத்துவிடுவார்கள். வேலை நெருக்கத்தில் கைவிட்டுப்போகிறதே தவிர, செய்யக் கூடாது என்று நினைக்கிறவர் யாரும் இல்லை. சானிடைசர் என்றால் 20, 30 விநாடி தேய்க்க வேண்டும். கையுறையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கையுறை போட்ட கை ஒரு நோயாளியின் சிறுநீர்ப் பையைத் தொடும், பிறகு டிக்கெட்டைப் புரட்டும், சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுக்கும், கதவைத் திறக்கும், அப்புறம் அதே கையுறையோடு உங்கள் அம்மாவின் ஊசிக் குழாய்க்கு வரும். வெறும் கையாக இருந்தால் இடையில் கழுவத் தோன்றியிருக்கும். கையுறை சுத்தமாக இருப்பது அதைப் போட்ட நிமிடத்தில் மட்டும்தான்.

ஊழியர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் எங்களுக்குள் நோய் பரவியது பெரும்பாலும் நோயாளியின் கட்டிலருகில் அல்ல. அங்கே உடம்பு முழுக்க மூடிக்கொண்டு நின்றோம். தேத்தண்ணி நேரத்தில், ஜன்னல் இல்லாத சின்ன அறையில், மாஸ்க்கைக் கழற்றிவைத்துவிட்டு ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோமே, அந்தப் பதினைந்து நிமிடத்தில் பரவியது. அங்கிருந்து நோய் இல்லாத வார்ட்டுக்குப் போனது. ஊழியர்களுக்குக் காற்றோட்டமான சாப்பாட்டு இடம் கொடுப்பது நோயாளியைக் காப்பாற்றும் வேலைதான். உடம்பு சரியில்லை என்றால் சம்பளம் வெட்டாமல் லீவு கொடுப்பதும் அப்படித்தான், முக்கியமாகத் துப்புரவு வேலைக்குக் கம்பனி மூலமாக நாள் சம்பளத்துக்கு வருகிறவர்களுக்கு. எல்லா வார்ட்டுக்கும் போகிறவர்கள் அவர்கள். பயிற்சி வகுப்புக்கு மட்டும் அவர்களைக் கூப்பிட மறந்துவிடுகிறோம். 2021 ஜனவரி 29இல் இலங்கையில் தடுப்பூசி தொடங்கியபோது முதலில் சுகாதார ஊழியர்களுக்குப் போட்டதை அப்போது சிலர் குறையாகப் பேசினார்கள். அது வார்ட்டில் படுத்திருந்த உங்கள் பெரியப்பா போன்றவர்களைக் காப்பாற்றவும்தான். அம்மாவுக்கும் கொரோனா, இன்ஃபுளுவென்சா, ஹெபடைடிஸ் பி தடுப்பூசிகளில் எது பாக்கி என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள், வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் சேர்த்து.

பார்வையாளர் விஷயத்தில் நம் ஆட்களோடு எனக்கு மனத்தாங்கல் உண்டு. ஒருவர் படுத்தால் லயமே வேன் பிடித்துக்கொண்டு வரும். அந்தப் பாசத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நான் சொன்ன கொரியாவில் நோயுற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் துணைக்கு நின்ற உறவினர்களும் பார்க்க வந்தவர்களும்தான். அங்கேயும் குடும்பம்தான் கட்டிலருகே நின்று பார்த்துக்கொள்ளும். அதற்காக யாரையுமே விடாமல் கதவைச் சாத்துவதும் சரியில்லை. மொழி தெரியாத வயதானவர், தண்ணீர் வேண்டும் என்று கேட்கவும் ஆளில்லாமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன், அதுவும் ஆபத்துத்தான். ஒரே ஒரு ஆள், நாள்தோறும் அதே ஆள், தடுப்பூசி போட்டவர், மாஸ்க்கோடு, வேறு கட்டில்களுக்குப் போய்க் கதைக்காதவர் என்று கேட்டுப்பாருங்கள். வார்ட் சிஸ்டர் மறுத்தால், அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது, மருந்து விபரம் சொல்ல ஆள் வேண்டும் என்று காரணத்தை எழுதிக் கொடுங்கள். தொற்றுக் கட்டுப்பாட்டுக்கென்றே ஒரு தாதி உங்கள் ஆஸ்பத்திரியிலும் இருப்பார், அவரையும் சந்திக்கக் கேட்கலாம்.

அந்த ஒருவர் நீங்களாக இருந்தால், உங்களுக்குத் தொண்டை கரகரத்த அன்று போகாதீர்கள். உங்கள் இடத்துக்குப் போக இன்னொருவரை இப்போதே பேசிவையுங்கள். எந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது, காய்ந்த எடை (டயலிசிஸில் மிகுதி நீர் போன பிறகு இருக்க வேண்டிய எடை) எத்தனை கிலோ, கடைசி டயலிசிஸ் எப்போது, இவற்றை ஒரு தாளில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். துணைக்கு ஒருவரையும் விடாத நாள் வந்தாலும் அந்தத் தாள் அம்மாவோடு உள்ளே போகும்.